வெங்காயத்துக்குக் கழுத்து பார்த்த நசீர் பாய்

ஆம்பூரில் நசீர் அகமதுவைவிட அவருடைய வலது கட்டைவிரலுக்கு மரியாதை ஜாஸ்தி. அவர் தெருவில் நடந்து வந்தால் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள். ஆனால் ஆபித் பாஷாவின் தோல் பதனிடுகிற டேனரியில் அந்தக் கட்டைவிரல் ஒரு ஆட்டுத்தோலின் மேல் ஊர்ந்து போகும்போது, முதலாளியிலிருந்து ஆவாரம்பட்டை இடிக்கிறவர் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

"இந்த ஆடு குட்டியா இருக்கும்போது முள்ளுவேலியில மாட்டிக்கிச்சு," என்பார் நசீர் பாய். "இது அம்மை போட்டு எழுந்த ஆடு. வயித்துப் பக்கம் பூரா வடு."

ஆட்டைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது என்பதால் அவர் சொன்னதுதான் முடிவு. முதல் தரம், ரெண்டாம் தரம், கழிவு என்று மூன்று அடுக்கு. இருபது வருஷம் அப்படி ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷம் சீமையில் தோலுக்குக் கிராக்கி விழுந்துவிட்டது என்றார்கள். சீமை எங்கே இருக்கிறது என்று நசீர் பாய்க்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அங்கே என்னவோ விழுந்த சத்தம் ஆம்பூரில் கேட்டது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை மூணு நாள் ஆச்சு, மூணு நாள் ஒண்ணாச்சு, கடைசியில் ஆபித் பாஷா அவரைக் கூப்பிட்டு, "நசீர், கொஞ்ச நாள் ஊட்ல இரு," என்றார்.

வீட்டில் இருப்பது என்றால் ரஃபத் ஜஹான் எதிரில் இருப்பது. ரஃபத் ஜஹான் அவருடைய மனைவி. காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் அவரைப் பற்றவைத்துவிடுவாள். தலைப்பாகை கோணல், நடை கோணல், உட்கார்ந்தால் கோணல். இருபது வருஷமாக இந்த அர்ச்சனையைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். அது இல்லாமல் போன ஒரு நாள், அவளுக்குக் காய்ச்சல் வந்த நாள், அவர் நல்ல தோல் நாலைக் கழிவில் போட்டுவிட்டார்.

பத்தே நாளில் நசீர் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். வெங்காயம் வியாபாரம் பண்ணுவது. ஏன் வெங்காயம் என்று கேட்டால், "அதுவும் தோல்தானே," என்றார். இதில் தப்பு கண்டுபிடிக்க ரஃபத் ஜஹானாலேயே முடியவில்லை.

ரயிலில் வந்த பெல்லாரி வெங்காயம் எட்டு மூட்டை வாங்கிக் கொட்டகையில் இறக்கினார். ஐப்பசி மழை. மறுநாளே வெங்காயம் வேர்த்தது. வெங்காயம் வேர்த்தால் மற்ற ஊர்க்காரன் எடுத்துக் காற்றில் பரப்புவான். இவர் ஆம்பூர்க்காரர். கெட்டுப்போகிற மாதிரி எதைப் பார்த்தாலும் இந்த ஊர் ஆளுக்குக் கை முதலில் உப்பு மூட்டைக்குத்தான் போகும். பச்சைத்தோலை விரித்து, மேலே உப்பு, அதன் மேலே தோல், திரும்ப உப்பு என்று அடுக்குவார்கள் இல்லையா, அதே மாதிரி நசீர் பாய் ஒரு வரிசை வெங்காயம், ஒரு வரிசை உப்பு என்று நெஞ்சு உயரத்துக்கு அடுக்கிவிட்டார். அழகாக இருந்தது. தோல் அடுக்கின கை இல்லையா.

ரெண்டாம் நாள் அடியில் தண்ணீர் கசிந்தது. நசீர் பாய்க்கு ஒரே சந்தோஷம். தோல் தண்ணி விட்டால் பதம் சரியாகப் பிடிக்குது என்று அர்த்தம். மூணாம் நாள் தண்ணீர் கொட்டகையைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. நாலாம் நாள் தெருநாய்கள் வேறு தெருவுக்குக் குடி போய்விட்டன.

அன்றைக்குப் பார்த்து வெங்காயம் எடுக்க பூவம்மாள் வந்தாள். நெமிலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஆம்பூர் கடைத்தெருவில் வெங்காயமும் பூண்டும் விற்கிறவள். அடுக்கைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள்.

"பாய், ஊறுகா போடறதுன்னா எலுமிச்சம்பழத்துல போடக்கூடாதா?"

சாயங்காலத்துக்குள் அவருக்கு "ஊறுகா பாய்" என்று ஊர் பூராவும் பேர் வைத்தாகிவிட்டது. இருபது வருஷம் தோல் பார்த்த பேர் ஒரே நாளில் போச்சு. ரஃபத் ஜஹான் மட்டும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

கெட்டது கெட்டுவிட்டது, எப்படித்தான் கெட்டது என்று பார்க்கலாம் என்று நசீர் பாய் உட்கார்ந்தார். உப்பு படாத வெங்காயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் நூறு எடுத்து ஒரு பலகை மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு. தினம் காலையில் தொழுகை முடிந்து வந்ததும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். எது எந்த இடத்தில் முதலில் இளகுகிறது, எது கடைசிவரைக்கும் நிற்கிறது என்று பார்ப்பார். கெட்டதை நெடுக்கில் பிளந்து உள்ளே பார்ப்பார்.

மூக்கை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆம்பூரில் மூக்கு என்பது முகத்தில் அழகுக்கு இருக்கிற சாமான். "நெமிலியில இருக்கும்போது அழுவின வெங்காயம் அடுத்த தெருவுல இருந்தாலும் சொல்லிடுவேன்," என்று பூவம்மாளே சொன்னாள். "இங்க வந்து ரெண்டே மாசம், இந்த டேனரி நாத்தத்துல எல்லாம் போச்சு. மூக்கு செத்துப்போச்சு."

அதனால் எல்லாம் விரல்தான். ரெண்டு மாசத்தில் வெங்காயத்தின் மூன்று சீக்கு விரலுக்குப் பிடிபட்டது.

ஒண்ணு கரி. மேல் மடலுக்கும் அடுத்த மடலுக்கும் நடுவில் அடுப்புக்கரி தூவின மாதிரி கறுப்புத் தூள். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் வாய்ச்சவடால் சீக்கு. ரெண்டு மடலை உரித்துப் போட்டுக் காய்ந்த இடத்தில் வைத்தால் அடங்கிவிடும். ஈரத்தில் வைத்தால்தான் உள்ளே இறங்கும்.

இன்னொண்ணு வழுக்கல். மேலே கல்லு மாதிரி இருக்கும். உள்ளே ஒரே ஒரு மடல் மட்டும் வேகவைத்த மாதிரி கூழாகியிருக்கும். அடியைப் பிடித்து அழுத்தினால் உள் வெங்காயம் சவுக்காரம் மாதிரி நழுவி வெளியே குதிக்கும். அதைப் பார்த்த உடனே தூர எறியவேண்டும், யோசிக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும்.

மூணாவதுதான் கேடி. வெளியே செம்பு மாதிரி மின்னும். வயிறு கெட்டியாக இருக்கும். தாள் அறுத்த இடம் இருக்கிறதே, அங்கே மட்டும் விரல் வைத்தால் லேசாக, ரொம்ப லேசாக, ஒரு இளக்கம். அங்கிருந்து நாளுக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மழையில் பிடுங்கி, தாள் காய்வதற்குள் அறுத்து மூட்டை கட்டினால் இது வரும் என்று நசீர் பாய் ஊகித்தார். அதற்குக் கழுத்து என்று பேர் வைத்தார்.

"வெங்காயத்துக்கு ஏது பாய் கழுத்து?" என்றாள் பூவம்மாள்.

"இருக்குதும்மா. தலைக்கும் உடம்புக்கும் நடுவுல இருந்தா கழுத்துதான்."

"அப்ப தலை எங்க?"

"அறுத்துட்டாங்க இல்ல."

"ஐயோ பாவம்," என்று ஒரு வெங்காயத்தைத் தடவிக் கொடுத்தாள் பூவம்மாள். சிரித்தாளே தவிர, அடுத்த நாளிலிருந்து மண்டியில் மூட்டை எடுக்கும்போது அவளும் கழுத்தை அமுக்கிப் பார்த்துத்தான் எடுத்தாள். ஆனால் அவள் ஒருத்திதான். கடைத்தெருவில் மற்றவர்கள் ஊறுகா பாய் சொல்லி வெங்காயம் வாங்குவார்களா? கடனுக்குச் சரக்கு தர யாருமில்லை, எடுத்தாலும் வாங்க ஆளில்லை.

இந்த நிலைமையில்தான் மெட்ராஸிலிருந்து கடுதாசி வந்தது. எழுதினவர் அஹமது பாஷா, ரஃபத் ஜஹானின் அண்ணன். பெரியமேட்டில் தோல் கிடங்கில் இருக்கிறார். ஆபித் பாஷா மகள் கல்யாணத்துக்கு ஆம்பூர் வருகிறேன், திரும்பும்போது மச்சானைக் கூட்டிக்கொண்டு போகிறேன், கிடங்கில் வேலை இருக்கிறது, ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறோம், ஏழாவது ஆளுக்குச் சுவரோரம் இடம் இருக்கிறது, குடும்பத்தைக் கூட்டிவர வசதி இல்லை, என்று எழுதியிருந்தார்.

நசீர் பாய் கடுதாசியை ரெண்டு தரம் படித்தார். சுவரோரம் என்ற இடத்தில் ரெண்டு தரமும் நின்றார். அவருக்குப் போக இஷ்டமில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

"போங்களேன்," என்றாள் ரஃபத் ஜஹான். "எனக்கும் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு ரொட்டி போட்டாள். அவர் கேட்கவேயில்லை.

கல்யாணம் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை ஆபித் பாஷா வீட்டுப் பந்தலில் கூட்டம். ஒரு பக்கம் மூங்கில் தட்டி கட்டி அந்தப்புறம் பெண்கள். இந்தப்புறம் ஆண்கள், பிரியாணி ஆக்குகிற தேக்சாக்கள், விறகு, அறுக்கக் கட்டிவைத்த ஆடுகள். நடுவில் பன்னிரண்டு மூட்டை வெங்காயம். மண்டிக் காசி அனுப்பின சரக்கு. காசி ஆம்பூரிலேயே பெரிய வெங்காய மண்டிக்காரர். நல்ல மனுஷன், சரக்கைப் பார்க்காமல் மூட்டையை மட்டும் பார்க்கிறவர்.

நசீர் பாய், மெட்ராஸிலிருந்து வந்திறங்கின மச்சான் அஹமது பாஷாவோடு போயிருந்தார். சும்மா நின்றிருக்கலாம். கட்டைவிரல் சும்மா நிற்குமா? திறந்திருந்த மூட்டையில் கை விட்டார். ஒரு கழுத்தை அமுக்கினார். இன்னொன்று. அடுத்த மூட்டை. பத்தில் ஏழு இளகியது.

"முதலாளி," என்றார் ஆபித் பாஷாவிடம், "இந்த வெங்காயம் வியாழக்கிழமைக்கு நிக்காது."

பிரியாணி பண்டாரி ரஷீத் அஹமது கரண்டியைக் கீழே வைத்தார். வேலூர்வரைக்கும் பேர் போன சமையல்காரர், கோபத்துக்கும் பேர் போனவர்.

"தோல் பாக்கிறவரு வெங்காயம் பாக்க வந்துட்டாரா?"

காசி ஒரு வெங்காயத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "பாருங்க பாய், கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னுது. இதுல இன்னா கொறை?"

"கழுத்துல இருக்கு."

"நகையா?" என்றார் காசி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஆபித் பாஷாவும் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "நசீர், நீ பாட்டுக்கு உப்பு கிப்பு போட்டுடாதப்பா," என்றார். சிரிப்பு இன்னும் ஜாஸ்தி ஆச்சு.

அஹமது பாஷா மச்சானின் தோளைப் பிடித்தார். அவருக்கு அவமானமாக இருந்தது. "வுட்டுத் தொலை மச்சான். வெங்காயம்லாம் நமக்கு ஆவற வேலையா? பெரியமேட்ல வந்து மரியாதையா தோலப் பாரு."

நசீர் பாய்க்குக் காது சுட்டது. "சரி மச்சான்," என்றார். "நான் சொல்றது தப்புன்னா, கல்யாணம்கூட பாக்கல, நாளைக் காலை ரயிலுக்கே பெரியமேட்டுக்குக் கெளம்பிடறேன். இந்த ஊர்ல வெங்காயம்ன்ற பேச்சையே எடுக்கல."

தட்டிக்கு அந்தப்புறம் பெண்கள் மூங்கில் இடுக்கில் கண் வைத்தார்கள்.

ரஷீத் பண்டாரி கத்தியை எடுத்தார். "எந்த மூட்டைன்னு நீயே காட்டு."

நசீர் பாய் காட்டின மூட்டையிலிருந்து நசீர் பாயே கைக்கு வந்த பத்து வெங்காயம் எடுத்துக் கொடுத்தார். பண்டாரியின் கத்தி இருக்கிறதே, அது போவதும் தெரியாது வருவதும் தெரியாது. சடக், சடக், தலையும் வாலும் பின்னால் பறக்கும். நடுவில் ஒரு வெட்டு. முதல் வெங்காயம் ரெண்டாக விழுந்தது. முத்து மாதிரி வெள்ளை. ரெண்டாவது, அதுவும் வெள்ளை. மூணாவது, நாலாவது. பத்தும் வரிசையாகப் பல்லைக் காட்டிச் சிரித்தன.

"இன்னாப்பா சீக்கு?" என்றார் பண்டாரி. "எனக்கே பசிக்குது."

நசீர் பாய் பத்தையும் எடுத்து எடுத்துப் பார்த்தார். விரல் பொய் சொல்லாது என்று இருபது வருஷமாக நம்பியிருந்தார். இப்போது விரலைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. தோலில் வடு இருந்தால் விரித்த உடனே தெரியும். இதில் உள்ளே எல்லாமே சுத்தம். சுவரோரம் ஏழாவது ஆளுக்கு இருக்கிற இடம் அவர் கண்ணில் பட்டது. எவ்வளவு அகலம் இருக்கும் என்றுகூட யோசித்தார்.

அப்போதுதான் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆண்கள் சபை நடுவே அந்தப்புறத்திலிருந்து குரல் வருவது ஆபித் பாஷா வீட்டில் வழக்கமில்லை. அதுவும் அப்படி ஒரு குரல். தெரு முனைவரைக்கும் கேட்டுப் பழகின ரஃபத் ஜஹானின் குரல்.

"ஏங்க, நீங்க கழுத்துன்னு சொன்னீங்க. அவரு முதல்ல கழுத்தை வெட்டித்தானே எறிஞ்சாரு? கழுத்து இப்ப ஆட்டு வாயில இருக்குது."

எல்லோரும் திரும்பினார்கள். பண்டாரியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்பாடு, கயிறு எட்டினவரைக்கும் கழுத்தை நீட்டி, வெட்டி விழுந்த தலைகளை முகர்ந்துகொண்டிருந்தது. ஒன்றை வாயில் போட்டது. யோசித்தது. துப்பியது.

நசீர் பாய் ஓடின ஓட்டத்தை ஆம்பூர் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஆட்டை ஒரு கையால் தள்ளிக்கொண்டே எட்டு தலைகளைப் பொறுக்கிவிட்டார். ஒன்பதாவதுக்கு ஆடு சண்டை போட்டது. வேண்டாம் என்று துப்பின சாமான்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

பலகை மேல் வைத்து ஒவ்வொன்றாக நெடுக்கில் பிளந்தார். மூணு சுத்தம். அஞ்சில் நடுவே பழுப்பு, வெந்த மாதிரி. அதிலும் ரெண்டில், மடல் இடுக்கில், சாம்பல் கலரில் பொடிசாக ரோமம்.

"வெங்காயத்துல ரோமம் பாத்திருக்கீங்களா முதலாளி?" என்றார் நசீர் பாய்.

ஆபித் பாஷா மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். பண்டாரி குனிந்து பார்த்தார். காசி பார்த்துவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கழுத்து போனா போவுது பாய்," என்றார் காசி, குரல் இறங்கி. "மிச்சம் நல்லாத்தானே இருக்குது?"

"இன்னிக்கு நல்லா இருக்குது. இன்னிக்கு கழுத்துல இருக்கிறது வியாழக்கிழமை வயித்துல இருக்கும். மழையில புடுங்கி ஈரத்தோட மூட்டை கட்டிட்டாங்க. உன் மேல தப்பு இல்ல காசி, வெளிய ஒண்ணும் தெரியாது."

இப்போது ரஷீத் பண்டாரி நிமிர்ந்தார். கோபக்காரர்தான், ஆனால் சமையல்காரர். "அப்ப இன்னிக்கே எல்லாத்தையும் அறுத்துப் பொன்னிறமா வறுத்து டின்ல போட்டுட்டா?"

"ஜோரா இருக்கும். கழுத்தை மட்டும் தாராளமா வெட்டி எறிஞ்சிடுங்க. ஒரு மூட்டைய மட்டும் அப்படியே வையுங்க. வியாழக்கிழமை தொறந்து பாப்போம்."

தட்டிக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் அகப்பட்டவர்கள் எல்லோர் கையிலும் கத்தி கொடுக்கப்பட்டது. பதினோரு மூட்டை. மெட்ராஸிலிருந்து கோட்டு போட்டு வந்த அஹமது பாஷாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரித்தார். மதியத்துக்குள் பந்தல் முழுக்க ஒரே அழுகை. பூவம்மாள் தன் கடையைச் சாத்திவிட்டுக் கத்தியோடு வந்து சேர்ந்தாள். ரோட்டில் போன ஒரு பெரியவர், கல்யாண வீட்டில் ஐம்பது பேர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உள்ளே வந்து, "எப்ப ஆச்சு?" என்று காசியைக் கேட்டார்.

"இப்பதான், காலையில," என்றார் காசி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "கழுத்துல ஆரம்பிச்சுது."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் எழுந்து போவார் என்று பார்த்தால், அவர் கையிலும் ஒரு கத்தியைக் கொடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை பிரியாணியை ஆம்பூர் இன்றைக்கும் பேசுகிறது, அது வேறு கதை. சாப்பாடு முடிந்து கை கழுவினதும் ஆபித் பாஷா அந்தப் பன்னிரண்டாவது மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். காசியே கட்டை அவிழ்த்தார். கொட்டினதும் ஆம்பூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த ஊர் மூக்கையே எழுப்பிவிட்ட நாற்றம். பாதிக்கு மேல் வயிறுவரைக்கும் கூழ்.

காசி காலிச் சாக்கை உதறி மடித்தார். அப்புறம், "பாய், நாளையிலேர்ந்து மண்டிக்கு வந்துடுங்க," என்றார். "ரயில்லேர்ந்து எறங்கற மூட்டை ஒவ்வொண்ணும் உங்க விரல் பட்டுத்தான் உள்ள வரணும். எது இன்னிக்கே விக்கணும், எது காயவைக்கணும், எது திருப்பி அனுப்பணும், நீங்க சொன்னது சொன்னது. நான் இனிமே மூட்டைய பாத்து வாங்கறதா இல்ல."

வெள்ளிக்கிழமை காலை அஹமது பாஷா மட்டும் ரயிலுக்குக் கிளம்பினார். அவர் விரலில் இன்னும் வெங்காய வாசனை போகவில்லை, அதை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று தங்கையைக் கேட்டார்.

"ரஃபத், அன்னிக்கு அத்தனை ஆம்பளைங்க நடுவுல குரல் குடுத்தியே, உனக்குக் கூச்சமே இல்லையா?"

ரஃபத் ஜஹான் அவர் கையில் சோற்றுப் பொட்டலத்தைத் திணித்தாள்.

"பன்னெண்டு மூட்டை பாய்ஜான். வீணாப் போவுதேன்னு ஒரு வயித்தெரிச்சல்."

"வெங்காயத்துக்காவா?"

"பின்ன யாருக்காவ?" என்று உள்ளே திரும்பி, இன்னும் மண்டிக்குக் கிளம்பாமல் நிற்கிற மனுஷனைப் பார்த்து, தலைப்பாகை கோணல் என்று ஆரம்பித்தாள். நசீர் பாய் அதைச் சரிசெய்யாமலே, முழுசும் கேட்டு முடித்துவிட்டு, மண்டிக்கு நடந்தார்.